பின்னால் ஒரு ட்ரெயிலர்

"ஆரைக் கேட்டு இதைக் கொழுவினனீர்? உடன கழட்டும்!"

மவுண்ட் ரோஸ்கில் வீட்டு வாசலில் நின்று கிளமென்ற் கத்தினான். ஊர் சுற்றுவதற்கென்றே அவன் வாங்கிய பெரிய மோட்டார் சைக்கிளின் பின்னால், பெட்டி போல ஒரு சின்ன ட்ரெயிலர் பூட்டியிருந்தது.

"என்ர உழைப்பில வாங்கினனான். நேற்றுப் பூசை முடிய ஃபாதர் மந்திரிச்சும் போட்டார்" என்றாள் அவன் மனைவி மெரீனா.

"இதை இழுத்துக்கொண்டு ரொட்டோருவாவுக்குப் போனா, கூட வாற பெடியள் என்னை ஐஸ்கிறீம்காரன் எண்டு நக்கலடிப்பாங்கள்!"

"அடிக்கட்டும். உங்கட கூடாரம், அடுப்பு, மழைக்கோட்டு எல்லாத்தையும் அதுக்குள்ள வைச்சிட்டன்."

"அதுகளைப் பத்து வருசமா பின்சீற்றில கட்டிக்கொண்டுதானே போறன்? இப்ப மட்டும் என்ன புது அக்கறை?"

மெரீனா ட்ரெயிலரின் மூடியை அழுத்திப் பூட்டினாள்.

"வளைவில இது ஆட்டும். பிரேக் பிடிச்சாத் தள்ளும். விளங்குதோ?"

"பாரமானதை முன்பக்கமாத்தான் அடுக்கினனான். கடைக்காரன் காட்டித் தந்தவன்."

கிளமென்ற் பின்சீற்றில் ஓங்கிக் குத்தினான். "அப்ப இது சும்மா வெறுமையாக் கிடக்கிறதோ?"

மெரீனா விறுவிறென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் தலையில் புது ஹெல்மெட் இருந்தது. அவனை விலக்கிக்கொண்டு பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள்.

"'சாமான் கட்டினா உமக்கு இடமில்லை' எண்டு சொல்லிச் சொல்லித்தானே பத்து வருசமா என்னை வீட்டில விட்டிட்டுப் போனனீங்கள்? இப்ப இடமிருக்கு. வேற சாட்டு ஏதும் வைச்சிருக்கிறீங்களோ? இல்லாட்டி ஸ்ராட் பண்ணுங்கோ."