கடைசி அத்தியாயத்து அலறல்

அலறல் ஓய்ந்ததும் அறையே கை தட்டியது. அலறலுக்குச் சொந்தக்காரி மட்டும் பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தீங்களா, தன் குரலுக்குத் தானே பயந்துட்டாங்க!” என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள்.

பேய்த் தொடரின் முதல் சீசன் முடிந்ததற்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு சின்ன விருந்து. பத்திரிகை விமர்சனத்தை இயக்குநர் கூச்சமே இல்லாமல் உரக்கப் படித்தார். பலவீனங்களுக்குப் பஞ்சமில்லை: கதை ஜவ்வாக இழுக்கிறது, பேய் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி ஓடுகிறது, அந்த பங்களாவில் ஒருத்தருக்கும் விளக்கைப் போடத் தோன்றவில்லை. பலம் என்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்லியிருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில், அண்ணனின் பிணத்தைப் பார்த்துத் தங்கை போடும் அலறல்.

“‘அண்ணா’ன்னு முடிச்சீங்களே, அது வசனத்திலயே இல்லம்மா! பின்னால ஒரு பொட்டுச் சத்தம் இல்லாம என்ன சுத்தமான பதிவு!”

அவள் டப்பிங் பேசுகிறவள். அழச் சொன்னால் அழுவாள், கொஞ்சச் சொன்னால் கொஞ்சுவாள், அலறத்தான் வராது. “நீங்க அலறினா காய்கறிக்காரரைக் கூப்பிடுற மாதிரி இருக்கு” என்று இதே இயக்குநர்தான் தொண்டை கட்டும்வரை அவளைப் படுத்தி எடுத்தார். வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு அடிபட்டது. பிறகு ஒருநாள், தொடரின் ஒலிப்பதிவாளரான அவள் கணவனே வந்து, “நீ போட்டதுல ஒண்ணு தேறிடுச்சு, விடு” என்றான்.

பேய்ப் படம் என்றாலே காத தூரம் ஓடுகிறவள் என்பதால் அதை அவள் போட்டுக் கேட்கவே இல்லை. இன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். அது இந்தக் கூடத்தில் போட்ட அலறலே இல்லை.

சில மாதங்களுக்கு முன் வீட்டில் போட்டது. அன்று நல்ல வெயில். குளித்துவிட்டு வந்தவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மின்விசிறி நின்றிருந்தது, ஃப்ரிட்ஜின் உறுமல்கூட இல்லை. “கரண்ட் போயிடுச்சு” என்ற கணவன், போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். லாரி ஓட்டும் அவளுடைய அண்ணன் வண்டி கவிழ்ந்து இறந்துவிட்டார் என்றான்.

எப்படிக் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் நம்பருக்கு அடித்தால் ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்றது. தலையில் அடித்துக்கொண்டு ஜன்னலில்லாத மாடிப்படியில் ஓடினாள், படிக்கட்டு விளக்குகளின் வெளிச்சத்திலும் இரண்டு தடவை தடுக்கி விழுந்தாள். கீழ்ப்படியில் அவளைப் பிடித்து நிறுத்திய கணவன்தான், “இப்பத்தான் மறுபடி போன் வந்துச்சு. ஆள் மாறிப்போச்சாம். அது வேற லாரியாம்” என்றான். அந்த வார்த்தைக்காக அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அண்ணி மாசமா இருக்காங்க. இந்தப் பேச்சு அவங்க காதுக்குப் போக வேண்டாம்” என்று அன்று அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. அதனால் அண்ணனிடம் அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

விருந்து களைகட்டியிருந்தபோதே கணவனை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

“அது நம்ம வீட்டுல நான் அழுதது. யாரைக் கேட்டு எடுத்துக் கொடுத்தீங்க?”

அவன் முகம் வெளுத்தது. “புது பேட்டரி மைக்கைச் சோதிச்சுட்டு அப்படியே ஆன்ல விட்டுட்டேன். தானா பதிவாயிடுச்சு. உன்னை மாத்திடுவாங்களோன்னுதான் கொடுத்தேன். உனக்குத்தானே பேரு?”

“என் அண்ணன் செத்துட்டாருன்னு அழுத அழுகைங்க. அதுக்கு ஊரே கை தட்டுது!”

“தப்புதான். ஆனா வேணும்னு செய்யலம்மா. என்னை நம்பமாட்டியா?”

அவன் கண் கலங்கியது. அவளுக்கு நெஞ்சு கொதித்தது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் தன் துக்கத்தைப் பேய்க்குப் பின்னணியாகப் போட்டுவிட்டானே என்று வெறுத்துப் போனது. ஆனாலும் வேணும் என்று செய்யவில்லையே, தெரியாமல் நடந்ததுதானே என்று மனசின் ஒரு மூலை அவனுக்காக வக்காலத்து வாங்கியது. அந்த ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டுதான் இனி அவனோடு வாழ வேண்டும்.

உள்ளே இயக்குநர் கூப்பிட்டார். “அடுத்த சீசனுக்கும் நீங்க ரெண்டு பேரும்தான்!” கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவளுக்கு அண்ணன் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அண்ணிக்குத்தான் பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது? போனில் அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

“நான் செத்துட்டேனா? நல்லா இருக்கே கதை!” அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த மாசம் முச்சூடும் லாரி ஷெட்லதானேம்மா நின்னுச்சு? உங்க அண்ணிகூட நான் வீட்டுலதான் கிடந்தேன்.”

“எனக்கு அது தெரியாதேண்ணா. உங்க போன் வேற அணைஞ்சு கிடந்துச்சு. அதான் நம்பிட்டேன்.”

“அட, அன்னைக்கா?” அண்ணன் இன்னும் சிரிப்பு அடங்காமலே சொன்னார்.

“உனக்கு ஏதோ சர்ப்ரைஸுன்னு, போனை அணைச்சு வைக்கச் சொன்னதே மாப்பிள்ளைதானேம்மா!”