தனுஷ்கோடி போய்வந்த ரூபாய்

ஒரு மாதத்துக்குள் கைமாறாத ரூபாய் போனிலிருந்தே அழிந்துவிடும் என்றான பிறகு, எங்கள் தெருவில் ரூபாய் சேகரிப்பவர் என் கணவர் லூர்து மட்டும்தான். டீக்கடைச் சில்லறையாக வரும் ஒவ்வொரு ரூபாயும் எந்தெந்த ஊர் சுற்றியது என்று திரையில் பார்த்துப் பூரித்துப்போவார். ஒற்றை ரூபாய்க்குள் இத்தனை ஊரைப் பார்க்கும் கண் எனக்கு வாய்க்கவில்லை. பிடித்ததை மாதக் கடைசியில் எனக்கு அனுப்புவார்; நான் திருப்பி அனுப்பினால் அது இன்னொரு மாதம் உயிரோடிருக்கும்.

சண்டை போட்டு நான் அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு ரூபாய் வந்தது. கூடவே அவர் குரல்.

“கோவம் எம்மேலதான, ஸ்டெல்லா. அத மட்டும் திருப்பி அனுப்பிரு. தனுஷ்கோடி வரைக்கும் போய்ட்டு வந்த ரூபா.”

அனுப்பவில்லை. டிக்கெட்டுக்கு அந்த ரூபாயைத் தொடாதே என்று போனிடம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.