பழைய சுருள்

செல்லப்பன் கடை மேஜைமேல் கரண்டு அடுப்பு மெள்ளச் சிவந்துகொண்டு வந்தது.

நீலாஞ்சனா ஓர் எட்டு பின்னால் போனாள். புகையில்லாமல், ஊதாங்குழல் இல்லாமல், ஒரு கம்பிச் சுருள் இப்படிப் பழுக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா, கடிக்காது. வீட்ல ஒரு தரமாச்சும் சொருவிப் பாத்தீங்களா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

செல்லப்பன் செஞ்சிக் கடைத்தெருவில் பல்பும் ஒயரும் விற்கிறவன். ரேடியோ ரிப்பேரும் அவன்தான்.

அவள் புருஷன் சாந்திராஜ் வாசலில் நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டி அப்போதே திண்டிவனம் பஸ்ஸின் தலையில் ஏறிவிட்டது. திண்டிவனத்திலிருந்து மதராஸ். மதராஸிலிருந்து ஏரோப்ளேன். அப்புறம் அமெரிக்கா. ரெண்டு வருஷ வேலை என்று சொல்லியிருந்தார்.

அடுப்பு அவளாக ஆசைப்பட்டு வாங்கினது.

அவள் மனசில் இருந்த கணக்கு ரொம்பச் சின்னது, கேளுங்கள். அங்கே அடுப்பு எரிந்தால் அவர் தானே பொங்கிக்கொள்வார். தானே பொங்கிக்கொண்டால் கண்ட இடத்தில் கை நனைக்க மாட்டார். பொழுது சாய்கிறதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். சமண நயினார் வீட்டு வழக்கம் கெடாது. வழக்கம் கெடாத மனுஷன் வீட்டை மறக்க மாட்டார். திரும்பி வந்துவிடுவார்.

காலையில் மேல்சித்தாமூர் கோயிலில் நின்றுகூட அவள் அடுப்பைத்தான் வேண்டிக்கொண்டாள்.

அந்த அடுப்பில்தான் இப்போது சிக்கல். அந்த ஊர் கரண்டு நம்ம ஊர் கரண்டில் பாதிதானாம்.

"பாதி கரண்டுல இது இன்னா வேல செய்யும்? மாட்டுக்குக் கழனித்தண்ணி வெதுவெதுன்னு வெச்சிக் குடுக்கலாம்," என்றான் செல்லப்பன். "அங்க மாடு வெச்சிருக்கீங்களா நயினாரே?"

சொல்லிவிட்டுக் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வைத்தான். மேஜை முனகியது.

"கரண்டை ஏத்திக் குடுக்கிற பெட்டி. இது இருந்தா கவலையே இல்ல."

சாந்திராஜ் அதை ஒரு பக்கமாக நகர்த்திப் பார்த்தார். அம்மியை நகர்த்துவதுபோல் இருந்தது.

"இதை நான் தூக்கிக்கினு போறதா, என்னை இது தூக்கிக்கினு போறதா?"

நீலாஞ்சனாவும் சிரித்துவிட்டாள். அவர் இப்படிப் பேசி வெகு நாளாயிற்று.

"அப்ப ஒரே வழிதான். அந்த ஊரு கரண்டுக்குத் தோதா வேற சுருள் போட்டுடலாம். கனமும் இல்ல, கஷ்டமும் இல்ல. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் இங்க சொருவவே கூடாது. சொருவினீங்க, சுருள் பட்டுனு அறுந்துடும்."

"செய்ங்க," என்றாள் நீலாஞ்சனா. புருஷன் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்.

அடுப்பு ஆறுகிற மட்டும் செல்லப்பன் ஒரு தட்டை அவர் முன்னால் நகர்த்தினான். பிளக்கின் காலும் அங்கே வேறேயாம். நமக்கு உருண்டை, அவர்களுக்குத் தட்டை. நடுவில் மாட்டுகிற சின்னத் துண்டுகள் தட்டில் கிடந்தன.

சாந்திராஜ் ஒவ்வொன்றாக எடுத்து, காலை ஆட்டிப் பார்த்து, ஆடாத ஒன்றைப் பொறுக்கினார். கடைக்கு வந்ததிலிருந்து அவர் அக்கறையாகச் செய்தது அது ஒன்றுதான். "மத்ததுக்கும் ஆவும்," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செல்லப்பன் குறடால் பழைய சுருளைக் கழற்றினான். புதுசை மாட்டி, அடுப்பைச் சணலால் கட்டினான். பழையதை ஒரு காகிதத்தில் சுருட்டி நீட்டினான்.

"இதைப் பத்திரமா வெச்சிக்குங்க நயினாரே. ரெண்டு வருஷம் போயி அடுப்போட வருவீங்க இல்ல? பழையபடி இதையே மாட்டிக் குடுத்துடறேன்."

பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"அது இன்னாத்துக்கு? தூக்கிப் போடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. யோசித்தும் சொல்லவில்லை.

நீட்டின கை நீட்டினபடி நின்றது. நீலாஞ்சனா அந்தப் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். சூடு இன்னும் முழுக்க ஆறவில்லை. வயிற்றில் சுட்டது.

"பஸ் எடுத்துடுவான் நீலா. வரேன்."

படி இறங்கிவிட்டார்.

"நயினாரே! அடுப்பு! அடுப்பை உட்டுட்டுப் போறீங்களே!"

கேட்டது. கேட்டதால்தானே கையை ஆட்டினார். திரும்பாமலே ஆட்டினார். வரேன் என்கிறதற்கும் வேணாம் என்கிறதற்கும் மனுஷனுக்கு ஒரே கைதான்.

அவள் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். சந்தை வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, பஸ் ரொம்ப நேரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அவள் ஓடவில்லை. தூரத்தில் ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"அவசரத்துல மறந்துட்டாரு, பாவம்," என்றான் செல்லப்பன். அவள் முகத்தைப் பார்க்காமல் சணலை அவிழ்க்க ஆரம்பித்தான். "உக்காருங்கம்மா. அந்தப் பழைய சுருளைக் குடுங்க, இப்பவே மாட்டிடறேன். வீட்லயாச்சும் பால் காய்ச்சிக்குவீங்க."

அவள் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு இன்னும் கரண்டு இழுக்கலீங்க," என்றாள். "அவரு வந்துதான் இழுக்கணும்."