கோடு சேராத புள்ளி

"இதெல்லாம் ஒரு ஊரா?"

மகளிர் குழுக் கட்டடத்துக்குள் நுழையும்போதே கோகிலவாணி வெடித்தாள். கையில் சுருட்டிய சார்ட்.

குழுத் தலைவி நதியா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னா ஆச்சு மேடம்?"

கோகிலவாணி சார்ட்டைத் தரையில் விரித்தாள்.

வேலூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி வந்து மூன்று வாரமாகச் செய்த ஆராய்ச்சி அது. ஊரில் முப்பத்தெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு புள்ளி. 'அவசரம் என்றால் யார் வீட்டுக்குப் போவீர்கள்?' என்று ஒவ்வொருத்தியையும் கேட்டு, சொன்ன பெயருக்கு ஒரு கோடு. ஊருக்கு யார் துணை, யார் தனிமரம் என்று படமே சொல்லிவிடும்.

சொல்லியும் விட்டது. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளிக்குக் கோடே இல்லை.

"ராணியம்மாள்! அவங்களும் யார் பேரையும் சொல்லல, ஒருத்தர்கூட அவங்க பேரைச் சொல்லல. நீங்களும்தான்!"

நதியா குனிந்து அடுத்த புளியை எடுத்தாள்.

"குழாயடியிலயும் பார்த்தேன். அவங்க வந்தா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க. புருஷன் இல்லாதவங்கன்னா அவ்வளவு இளக்காரமா?"

"அப்படி இல்ல மேடம்..."

"பேசாதீங்க! நேத்து அவங்க வீட்டுக்குப் போனேன். ஒண்டி ஆளு. மூலையில ஏழு பாய் சுருட்டி வெச்சிருக்காங்க. யாராவது வர மாட்டாங்களான்னு எத்தனை வருஷமா காத்திருக்காங்களோ! எனக்கு வயிறு எரியுது."

கோகிலவாணி படிப்பில் கெட்டிக்காரிதான், பொறுமைதான் போதாது. சார்ட்டை மறுபடி சுருட்டினாள்.

"நாளைக்கு ஊர்க்கூட்டத்துல இதை மாட்டப் போறேன். ஆம்பளைங்களும் பார்க்கட்டும். அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் யாரும் போறதில்லைன்னு ஒவ்வொருத்தரா நிக்க வெச்சுக் கேப்பேன்!"

நதியா சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினாள்.

"வேணாம் மேடம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆம்பளைங்க முன்னாடி அந்த வூட்டுப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க."

"ஏன்? உங்க வண்டவாளம் தெரிஞ்சுடும்னு பயமா?"

நதியா குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வூட்டுக்காரனுங்க குடிச்சுட்டு வந்து அடிக்கிற அன்னிக்கெல்லாம், புள்ளைங்களத் தூக்கினு ஓடி ஒளியறது அந்த வூட்லதான் மேடம். அங்க எவனும் தேடி வரக் கூடாதுன்னு, குழாயடியில மூஞ்சியத் திருப்பிக்கச் சொன்னதே அந்த அக்காதான். நீங்க கூட்டத்துல கேட்டுக் கோடு போட்டீங்கன்னா, அவனுங்களுக்கு வழி தெரிஞ்சுடும்!"