அந்த ஒரு சார்ஜர்

சனிக்கிழமை மாலை மணி ஐந்து. செருப்பைக் கழற்றும்போதே அவன் குரல் கொடுத்தான்.

"செல்லக்குட்டி, டேப்லெட்டைக் கொண்டா. சார்ஜர் ரெடி! கடை கடையா ஏறி இறங்கினாலும் இந்தப் பின் கிடைக்காது, தெரியுமில்ல?"

மகள் புதிய டேப்லெட்டோடு ஓடிவந்தாள். "இனிமே எல்லாத்துக்கும் ஒரே பின்தானாம்ப்பா. அரசாங்கச் சட்டமாம். அம்மா போன் சார்ஜரே இதுக்குப் போதும்."

"அட, நல்ல சட்டமாச்சே!" என்று சிரித்தான்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இனிமே வாராவாரம் நீங்க மெனக்கெட்டு வர வேண்டாம்."

இரண்டு வருடங்களுக்கு முன் பெட்டியோடு இந்த வீட்டை விட்டுப் போனபோது, அந்தச் சார்ஜரை அவன் வேண்டுமென்றேதான் எடுத்துப் போயிருந்தான். இங்கே வர அவனுக்கிருந்த ஒரே சாக்கு அது.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"சும்மா வந்தா கதவைத் திறப்பியா?"