அறுபத்தைந்து கிலோவுக்குக் குறையாமல்

தேவசகாயத்துக்குக் குடல் புற்றுநோய் குணமாகி ஆறு வருஷம். எடை அறுபத்தைந்து கிலோவுக்குக் குறைந்தால் ஆஸ்பத்திரி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். குளியலறைத் தரையே தினமும் அவர் எடையைப் பார்த்துத் தகவல் அனுப்பும்.

இன்று தரை, "எழுபத்தாறு கிலோ. மேல் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு மாதம் கஞ்சி மட்டும்," என்றது. அடுக்களையில் மீன்குழம்பு கொதித்த அடுப்பு தானாக அணைந்தது.

குளியலறையில் நின்ற அவரும் மனைவியும் தரைக்குக் கேட்காதபடி வெளியே ஓடிவந்தார்கள். தேவசகாயம் சட்டையைத் தூக்கி, வயிற்றில் கட்டியிருந்த இரும்புத் தோசைக்கல்லைக் காட்டினார். "வேட்டி நழுவுதே, எடை குறைஞ்சிடுச்சோன்னு பயந்து இன்னைக்குத்தான் கட்டினேன், பரிமளம்!"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களைப் பிடிச்சுக்கிற சாக்குல நான் ஒரு வருஷமா பின்னால நின்னு கால் கட்டைவிரலால தரையை அழுத்துறேன்."

அவர் யோசித்தார். "சரி, இனி ஒருத்தர் மட்டும் ஏமாத்துவோம். தோசை சுடுற நாள்ல நீ அழுத்து. மத்த நாள் நான் கட்டிக்கிறேன்."