மயில் கழுத்து

வெட்டு மிஷினின் வாய் மூடத் தொடங்கிய பிறகு, கோணலாக இருந்த அட்டையை நேராக்கப் போனதில்தான் சீனிராஜுக்கு வலது ஆள்காட்டி விரல் பாதி போனது. நாற்பது நாள் கழித்து அதே மிஷினுக்கு வந்தார். மயில் வடிவில் பிளேடு வளைத்துப் பதித்த அதே டைதான் பூட்டியிருந்தது. கல்யாண அட்டையில் தோகையை ஓட்டை ஓட்டையாக வெட்டுவது.

"இன்னைக்குச் சுத்தமா வெட்டலைன்னா வாட்ச்மேன் வேலையப் பாரும்" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

முதல் அட்டையை வாங்கிய பேச்சித்தாய், ஊசியால் குத்தித் துணுக்குகளை உதிர்த்தாள். "அண்ணாச்சி, தோகை பூரா விழுந்துட்டு. கழுத்து மட்டும் விழ மாட்டேங்கு. பிசிறடிக்கு."

கழுத்தில் பிளேடு ஏன் மழுங்கியது என்று அவருக்குத் தெரியும். அங்கேதான் எலும்பு பட்டது. வெட்டு இறங்காத இடத்துக்கு நேரே, அடியில் உள்ள தகட்டில் மெல்லிய தாளை ஒட்டி மேடாக்குவது வழக்கம். ஒன்று ஒட்டினார், இரண்டு ஒட்டினார். பிசிறு போகவில்லை. விரல் மொட்டையில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை உரித்து, அதில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டினார்.

அடுத்த அட்டையில் கழுத்து பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்னத்த ஒட்டுனீய?"

"தாளுதான்."

"அப்ப வாட்ச்மேன் தொப்பி உங்களுக்கு இல்ல" என்று சிரித்தாள் பேச்சித்தாய்.

சீனிராஜ் இன்னொரு அட்டையை வைத்தார். லேசாகக் கோணியிருந்தது. வாய் மூட ஆரம்பித்துவிட்டது. இல்லாத விரல் அதை நேராக்கப் போனது.